சூனியம் என்றால் இல்லை என்பதல்ல, மகளே

நீ அனுப்பிய கலியாண அழைப்பிதழின் மாதிரியைப் போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் தகப்பனின் பெயர், அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் என்ற விபரம், தாயின் பெயர், அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற விபரம், ஊர், ஊருக்குள் எந்தக் கோயில் வீதி, வீட்டின் பெயர் என்று எல்லாம் நிறைவாக இருந்தன. எங்கள் பக்கத்தில் அப்பாவின் பெயரும் என் பெயரும், அதற்குக் கீழே ‘பண்டத்தரிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லும். நாங்கள் பண்டத்தரிப்பில் இருக்கவில்லை. பஸ் எடுக்கப் பண்டத்தரிப்புக்குப் போவோம், மரக்கறி வாங்கப் போவோம், காய்ச்சல் வந்தால் மருந்தெடுக்கப் போவோம். இருப்பது இலுப்பைக்குழியில். நீ தவழ்ந்ததும் முழங்கால் உடைத்துக்கொண்டதும் இலுப்பைக்குழியின் மண்ணில். அந்தப் பெயரைச் சொன்னால் நாங்கள் என்ன ஆட்கள் என்று வலிகாமம் முழுக்கத் தெரியும். அதனால்தான் அது அங்கே இல்லை. அச்சுக்காரன் விட்ட பிழை என்று முதலில் நினைத்தேன். உடனே உனக்குப் போனில் கோல் எடுத்தேன்.

“பிள்ளை, எங்கடை இடத்தை விட்டிட்டாங்கள். அச்சடிக்கிறவனுக்குச் சொல்லு.”

“விடேல்லை அம்மா. நாங்கள்தான் அப்பிடிப் போடச் சொன்னது.”

“நாங்கள் எண்டால் ஆர்?”

 நீ அந்த நிதானமான குரலில், கண்டியில் பழகிக்கொண்ட குரலில் சொன்னாய்: “வெளிநாட்டிலை இருந்து அவையின்ரை ஆக்கள் எல்லாம் வருவினம் அம்மா. கலியாணக் காட்டைப் பார்த்திட்டுத் தேவையில்லாமல் கதைப்பினம். கஜன்ரை அம்மா ரெண்டு நாளா அழுறா. ஒரு பெயர்தானே? பெயர் எண்டது வெறுமை. எல்லாமே சூனியம் எண்டு நான் உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான். பிடிச்சுக்கொண்டிருந்தால் துக்கம்தான் மிஞ்சும்.”

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. “பிறகு கதைக்கிறன்” என்று வைத்துவிட்டேன். அந்தப் பிறகு இதுதான். வட்சப்பில் எழுதினால் நீ வாசித்துவிட்டு இரண்டு நீலக் கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போவாய். அதனால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். என் பெயரையோ உன் பெயரையோ போடவில்லை. மாப்பிள்ளையைக் கஜன் என்று எழுதுகிறேன், அது அவனுடைய உண்மைப் பெயர் இல்லை. இடத்தின் பெயரை மட்டும் கூசாமல் போடுகிறேன். கிழவி புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று எண்ணாதே. பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றவள் நான். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை, கோபமும் ஆறவில்லை.

முதலில் உன் சூனியத்துக்கு வருவோம். நான் அதை எதிர்க்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கண்டியில் வேலைக்குப் போன புதிதில் உனக்கு நித்திரை வராமல் போனது. போனை எடுத்தால் அழுவாய், எடுக்காவிட்டால் நான் அழுவேன். உன்னோடு வேலை செய்த சிங்களப் பிள்ளை ஒருத்தி உன்னைத் தியான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு மாதத்தில் உன் குரல் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளைக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். இங்கே என்ன கதை நடந்தது என்று உனக்கு முழுக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் புஷ்பம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்னடி, உன்ரை மோள் சூனியம் படிக்கிறாளாம். ஆருக்கு வைக்கப் போறாள்?” என்று கேட்டாள். “முதல்லை உனக்குத்தான். வாயைக் கட்டப் போறாளாம்” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். புஷ்பத்தின் பகிடியில் நஞ்சு இல்லை. ஆனால் சந்தியில் ஒருவர் என் காதுபட, “ஆமிக்காரன்ரை சாமியையெல்லோ கும்பிடுறாளாம்” என்றார். அது பகிடி இல்லை.

அவருக்கு அப்படித்தான் தெரியும், பாவம். எங்கள் பக்கத்தில் புத்தரைக் கண்டதெல்லாம் ஆமிக் காம்புக்குப் பக்கத்தில், ஒரு அரச மரத்தின் கீழ், முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம். எந்தப் பொருளுக்கும் மாறாத சுயம் என்று ஒன்று இல்லை எனச் சொன்ன மனிதனைக் கொண்டுவந்து, இந்த மண் என்றென்றைக்கும் தங்களுடையது என்பதற்கு எல்லைக்கல்லாக நட்டு வைத்திருக்கிறார்கள். நட்டவனுக்கு அவர் சொன்னது ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதைக் கண்டு கொதிக்கிற எங்கள் பெரிய மனிதர்களோ, அடுத்த நாள் தங்கள் கோயில் வாசலில் நின்று, யார் உள்ளே வரலாம், யார் வெளிவீதியோடு நிற்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். ஒருவன் மண்ணுக்குள் ஒரு மாறாத சரக்கு இருக்கிறதென்கிறான். மற்றவன் இரத்தத்துக்குள் இருக்கிறதென்கிறான். இரண்டு பேரும் செய்வது ஒரே பிழை. இந்தத் தீவில் ஒருவரும் வாசிக்காத பாடம் அது என்பதால்தான் எனக்கு அதில் ஆசை வந்தது. நீ விட்டுச்சென்ற புத்தகத்தை வாசித்தேன். விளங்காத இடங்களுக்குப் போனில் தமிழ்ப் பேச்சுகளைத் தேடிப் போட்டுக்கொண்டு இடியப்பம் பிழிந்தேன். விடியப்புறம் அடுப்படியில் என்னோடு கதைக்க வேறு யார் இருக்கிறார்கள்?

எல்லாம் சூனியம் என்றால் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் முதலில் விளங்கிக்கொண்டேன். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒன்றும் இல்லையென்றால் இடியப்ப உரலை அழுத்துகிற என் தோள் ஏன் நோகிறது? பிறகுதான் மெல்ல மெல்லப் பிடிபட்டது. இல்லை என்று சொல்வது பொருளை அல்ல. பொருளுக்குள் தானாக, ஒன்றையும் சாராமல், என்றைக்கும் அதுவாகவே இருக்கிற ஒரு கொட்டை உண்டென்று நாங்கள் நினைக்கிறோமே, அந்தக் கொட்டைதான் இல்லை. மாவை எடுத்துக்கொள். கொதிதண்ணீர் விட்டுக் குழைத்துப் பிழிந்தால் இடியப்பம். உதிர்த்து அவித்தால் பிட்டு. கூழாகக் காய்ச்சினால் போஸ்டர் ஒட்டுகிற பசை. இடியப்பமாகவே இருப்பதென்று மாவுக்கு ஒரு சுயம் இருந்திருந்தால் அதைப் பிட்டாக்க ஒருவராலும் முடியாது. நெல், மழை, மில்லுக்காரன், நெருப்பு, என் கை, தின்பவரின் பசி என்று இத்தனையும் கூடினால் அது இடியப்பம். ஒன்று குறைந்தால் வேறு ஏதோ. அதற்காக இடியப்பம் பொய்யா? நாலு இடியப்பமும் சொதியும் சம்பலும் உள்ளே போனால் வயிறு நிரம்புகிறது. இருக்கிறது, ஆனால் தானாக இருக்கவில்லை. இதுதான் எனக்கு விளங்கிய சூனியம். படித்தவர்கள் இதைவிட நுணுக்கமாகச் சொல்வார்கள். நான் விளங்கிய அளவுக்கு அதை வைத்து வாழ்கிறவள்.

இப்போது, அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார். நீ நினைக்க விரும்பாத நாள். கஜனும் தாய் தகப்பனும் வான் பிடித்து வந்து இறங்கினார்கள். அப்பா புதுச் சாரம் உடுத்து வாசல் படலைக்கு ஓடினார். நான் பயத்தம் பணியாரம் சுட்டு, தட்டில் அடுக்கி, தேத்தண்ணிக்கு நல்ல கோப்பைகளை அலுமாரியிலிருந்து எடுத்துக் கழுவி வைத்திருந்தேன். அதிபர் கதிரையின் நுனியில் இருந்தார். “தேத்தண்ணி வேண்டாம் தங்கச்சி, வெயிலுக்குச் சோடா எண்டால் நல்லது” என்றார். அப்பா சைக்கிளில் பறந்து போய்ச் சோடா வாங்கி வந்தார். நான் கிளாஸ் கொண்டு வர எழும்ப, “கிளாஸ் எல்லாம் என்னத்துக்கு, போத்தலோடையே தாங்கோ” என்றார். எங்கள் ஆட்களின் வீட்டுக்கு அவர்கள் வந்தால் இப்படித்தான். மூடி பூட்டிய போத்தலுக்குள் எங்கள் கை போகாது என்ற நம்பிக்கை. இது எனக்குப் புதிதில்லை, உனக்கும் புதிதில்லை. என் மாமனாரின் செத்தவீட்டுக்கு வந்த அவருடைய முதலாளியும் சோடாதான் குடித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். உனக்காக இருந்தேன்.

கஜனின் தாய், அந்த டீச்சர்தான் வாயைத் திறந்தா. “பலகாரம் ஏன் இவ்வளவு? எங்களுக்குக் காலமை சாப்பிட்டதே இன்னும் இறங்கேல்லை. சந்திக் கடை இடியப்பம். பஞ்சு மாதிரி இருக்கும். நாங்கள் எப்பவும் அங்கைதான் எடுக்கிறது.”

“ஓம் டீச்சர்,” என்றேன், “அது இந்தக் குசினியிலை அவிச்சது. அந்தக் கடைக்கு நான்தான் குடுக்கிறனான்.”

அதிபரின் வாயில் இருந்த ஸ்ட்ரோ அப்படியே நின்றது. டீச்சரின் கை தொண்டைக்குப் போனது, பிறகு தாலிக்கொடியைச் சரிசெய்வதுபோல் இறங்கியது. கஜன் மட்டும் பலமாகச் சிரித்துவிட்டான். “அப்ப அன்ரி, சின்னனிலை இருந்து என்னை வளர்த்தது நீங்களோ?” என்று கேட்டுக்கொண்டு ஒரு பணியாரத்தை எடுத்து முழுசாக வாய்க்குள் போட்டான். அந்த ஒரு பணியாரத்துக்காகத்தான் அவனை எனக்குப் பிடித்தது. டீச்சர் அவனைப் பார்க்காமல், சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துச் சொன்னா: “கடையிலை வாங்கிறது வேறை தானே.”

வேறை. அந்தச் சொல்லை நான் பல நாள் உரலுக்குள் போட்டுப் பிழிந்து பார்த்திருக்கிறேன். தீட்டு எங்கே இருக்கிறது? மாவில் இருந்தால் கடையில் வாங்கியதிலும் இருக்க வேண்டும். என் கையில் இருந்தால், கையால் குழைத்தது வருடக்கணக்காக அவர்களின் வயிற்றுக்குள் போயிருக்கிறது, ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஆவியில் இருந்தால் அது கூரையைத் தாண்டி அவர்கள் வளவுக்கும் போகிறது. பார்சல் கட்டுகிற பேப்பர் அதைக் கழுவிவிடுகிறதா? கடைக்காரர் காசை வாங்கி லாச்சிக்குள் போடும்போது போய்விடுகிறதா? எவ்வளவு தேடினாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அது ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் டீச்சரின் கை தொண்டைக்குப் போனது உண்மை. அப்பா சோடாவுக்குச் சைக்கிள் மிதித்தது உண்மை. தேடினால் கிடைக்காதது, ஆனால் ஆளை வருத்துகிறது. உன் புத்தகம் சொல்கிற உலகம் இதுதான் மகளே. குகைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு தேட வேண்டியதில்லை. எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று சோடாப் போத்தலோடு உட்கார்ந்திருந்தது.

அவர்கள் போனபிறகு நீ குசினிக்குள் வந்து, “ஏன் அம்மா சொன்னனீங்கள்? சும்மா இருந்திருக்கலாம்” என்றாய். நான் ஏன் சும்மா இருக்க வேண்டும்? இரண்டு நாள் கழித்துச் சந்திக் கடைக்காரர், நல்ல மனிதர்தான், தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “அக்கா, குறை நினையாதேங்கோ. நாளையிலை இருந்து கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ. ஆக்கள் ஆர் அவிக்கிறது எண்டு கேக்கினம்.” குறைச்சு என்பது அடுத்த கிழமை வேண்டாம் என்றானது. அந்த மாவும் அந்தக் கையும் அந்த அடுப்பும் மாறவில்லை. ஒரு வசனம் ஊருக்குள் போனது, பஞ்சு மாதிரி இருந்த இடியப்பம் தின்ன முடியாததாகிவிட்டது. நான் இதை உனக்குச் சொல்லவில்லை. கலியாண நேரத்தில் உன்னை ஏன் கரைச்சல்படுத்த வேண்டும் என்று விட்டேன். உன் அப்பா ஒரு பலகையில் வெள்ளைப் பெயின்ற் அடித்து, ‘இலுப்பைக்குழி இடியப்பம்’ என்று எழுதி றோட்டுக்கரையில் நட்டார். புஷ்பம், “பெயரைப் போட்டால் காகம் கூட வராதடி” என்றாள். வருகிறார்கள். எங்கள் ஆட்கள் வருகிறார்கள், றோட்டால் போகிற வெளியூர்க்காரர் வருகிறார்கள். இன்னும் சிலர் விடியக் கருக்கலில் மோட்டச்சைக்கிளை நிப்பாட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், வாய் திறக்காமல், விரலால் எத்தனை என்று காட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதில் ஒருவர் உன் வருங்கால மாமனார் என்று புஷ்பம் வைரவர்மேல் சத்தியம் பண்ணுகிறாள். எனக்குத் தெரியாது. ஹெல்மெட்டுக்குள் யார் இருந்தால் என்ன, நான் எண்ணிக் கட்டிக் கொடுக்கிறேன்.

என் பதின்மூன்று வயதில், ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுக்க வீட்டை விட்டு நடந்தது. வலிகாமத்துச் சனம் அத்தனையும் ஒரே றோட்டில், மழையில், தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தோம். எனக்கு முன்னால் ஒரு அம்மா நடந்தா. கையில் காப்பு, தோளில் ஒரு பட்டுச்சேலைப் பொட்டலம். நாங்கள் வேலைக்குப் போனால் வேலிக்கு வெளியே நிற்கவிட்டுக் கதைக்கிற வீட்டு அம்மா. குடையை மறுபக்கம் திருப்பிப் பிடித்து மழைத்தண்ணீர் சேர்த்து, என் அம்மா அதைச் செம்பில் ஊற்றி வைத்திருந்தா. அந்த அம்மா திரும்பிப் பார்த்து, “பிள்ளை, ஒரு மிடறு தாவன்” என்று கேட்டா. என் அம்மா கொடுத்தா. அவ உதடு வைத்துக் குடித்தா, மீதியைத் தன் பிள்ளைக்கும் கொடுத்தா. அன்றைக்கு அந்த றோட்டில் சாதி இல்லை என்று என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. ஆனால் தென்மராட்சியில் ஒரு வளவில் எல்லோரும் ஒதுங்கிய பிறகு, அதே அம்மா கிணற்றடியில் நாங்கள் வருவதைக் கண்டதும் வாளியின் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே கொண்டுபோனதை என் கண்ணால் கண்டேன். வாளி கிணற்றுக்கட்டில் கிடந்தது. கிணற்றில் தண்ணீர் கிடந்தது. கயிறு மட்டும் இல்லை.

அப்போது எனக்கு அது வெறும் துரோகமாகத் தெரிந்தது. இப்போது வேறொன்றும் தெரிகிறது. அந்த மனுசியின் உள்ளே சாதி என்று மாறாத ஒன்று இருந்திருந்தால் செம்பில் வாய் வைத்திருக்க முடியாது. கூரை, கிணறு, பார்க்கிறதற்கு நாலு சொந்தக்காரர் எல்லாம் கூடினவுடன் அது திரும்ப வந்தது. தானாக வரவில்லை. அவவின் இரண்டு கை கயிற்றை அவிழ்த்ததால் வந்தது. அவிழ்க்காத இடத்தில் அது இருக்காது. தினமும் யாரோ ஒருவர் கயிற்றை அவிழ்க்க வேண்டும், யாரோ ஒருவர் சோடா கேட்க வேண்டும், யாரோ ஒருவர் சைக்கிளில் ஓடிப் போய் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு அச்சுக்கூடத்தில் யாரோ ஒருவர், “இலுப்பைக்குழியை எடுத்திட்டுப் பண்டத்தரிப்பு எண்டு போடுங்கோ” என்று சொல்ல வேண்டும். இத்தனை பேரும் வேலை செய்தால்தான் அது உயிரோடு இருக்கும். விளங்குதோ பிள்ளை? நீ வெறுமையைச் சொல்லவில்லை. கயிறு அவிழ்க்கிற கைகளோடு உன் கையையும் சேர்த்திருக்கிறாய்.

சூனியம் என்று சொன்ன மனிதர்கள் அதை எதற்குச் சொன்னார்கள் என்று நீயே யோசி. ஒன்றுக்கும் மாறாத சுயம் இல்லையென்றால் ஒன்றும் இப்படியே இருந்தாக வேண்டும் என்று இல்லை. சாதி இரத்தத்தில் ஊறியது என்றால் நான் இந்த அடுப்பை அணைத்துவிட்டுச் சாகலாம், ஒருவராலும் ஒன்றும் பண்ண முடியாது. அது ஊறியது இல்லை, செய்யப்படுகிறது என்றால், செய்யாமல் விடலாம். மாற்றலாம் என்பதற்குச் சொல்லப்பட்டதை நீ விட்டுவிடு என்பதற்குச் சொல்கிறாய். அதுவும் யாருக்குச் சொல்கிறாய்? பெயர் வெறுமை என்றால் அவர்களின் கோயில் வீதியும் வெறுமைதானே. ஓய்வுபெற்ற அதிபர் என்பதும் வெறுமைதானே. அதை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? டீச்சரிடம் போய், “மாமி, உங்கடை வீட்டுப் பெயரும் சூனியம், பிடிச்சுக்கொண்டிருந்தால் துக்கம்” என்று சொல்லிப் பார். இருக்கிறவர்கள் இருந்தபடி இருக்க, இல்லாதவர்களைப் பார்த்து நீங்கள் வெறுமையாகுங்கள் என்பதைத்தானே எங்களுக்குக் காலங்காலமாக எல்லாச் சமயமும் சொன்னது? முன்வினை என்றார்கள், தலையெழுத்து என்றார்கள். சூனியத்தையும் அந்தத் தட்டிலேயே வைக்காதே. அது அதற்குப் பிறந்த சொல் இல்லை.

உன் அப்பாவிடம் அழைப்பிதழைக் காட்டினேன். மேசன் வேலை முடிந்து வந்து, சீமெந்துக் கையைக் கழுவிவிட்டுப் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “காட்டிலை என்ன கிடக்கு? கலியாணம் நடந்தாச் சரி. பிள்ளை சந்தோசமா இருக்கட்டும்” என்றார்.

“உமக்கு நோகேல்லையோ?”

“நோகுதுதான். ஆனால் நான் கட்டின வீடுகளிலை எத்தினை வீட்டுக்குள்ளை குடிபூரலுக்கு என்னைக் கூப்பிட்டவை? எனக்குப் பழகிப்போச்சு.”

“பழகினபடியால்தான் எனக்குக் கோபம்” என்றேன். அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு, “அப்ப எழுது. நீ சொன்னால் கேக்கமாட்டாள், எழுதினால் கேப்பாளோ தெரியாது” என்று சிரித்தார். இந்த மனிதனின் பெயருக்குக் கீழே அவர் குடியிருக்காத ஒரு இடத்தைப் போட உனக்கு எப்படி மனம் வந்தது?

நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லையே. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துப் போன முதல் நாள், வகுப்பு டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, “எந்த இடம்?” என்று கேட்டிருக்கிறா. அந்தக் கேள்விக்கு எங்கள் மண்ணில் என்ன அர்த்தம் என்று உனக்கு அப்போது தெரியாது என்று சொல்ல மாட்டேன், தெரியும். எழும்பி நின்று, “இலுப்பைக்குழி” என்று கத்தியிருக்கிறாய். அடுத்த நாள் உன்னைக் கடைசி வரிசை வாங்குக்கு மாற்றினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சண்டைக்குப் போகச் சேலையை மாற்ற, நீ என் கையைப் பிடித்து, “வேண்டாம் அம்மா, கடைசி வாங்கிலை யன்னல் இருக்கு, நல்ல காத்து வரும்” என்றாய். அந்தப் பிள்ளைதான் மாறாத நீ, இப்போது இருப்பது போலி என்று நான் சொல்ல வரவில்லை. ஆளுக்கும் மாறாத சுயம் இல்லை என்பதை உன்னிடமிருந்துதான் கற்றேன். நித்திரையில்லாத மாதங்களும், கஜன் மேலுள்ள ஆசையும், டீச்சரின் அழுகையும், இந்த நாட்டில் அலுத்துப்போன இளம் வயதும் சேர்ந்து இன்றைய உன்னை ஆக்கியிருக்கின்றன. அப்படியென்றால் நாளைக்கு வேறு விதமாகவும் ஆகலாம். அதில்தான் நான் நம்பிக்கை வைத்திருக்கிறேன்.

கலியாணத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கஜன் நல்ல பிள்ளை. ஆனால் நல்ல பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பல விசயங்களைக் கடந்து போய்விடுவார்கள். பணியாரத்தை எடுத்துத் தின்றவன், தாய் ‘வேறை தானே’ என்றபோது வாய் நிறைய இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வாய் வெறுமையாக இருக்கிற நேரமாகப் பார்த்து நீ அதைக் கேள். இன்றைக்கு ஊரை விட்டுக்கொடுத்தால், நாளைக்கு உன் பிள்ளைக்கு அம்மம்மா வீடு எங்கே என்று சொல்லிக் கொடுப்பாய்? லீவுக்கு இங்கே விடுவாயா, அல்லது பண்டத்தரிப்புச் சந்தியில் வைத்து என்னிடம் காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போவாயா? ஒரு பொய்யை ஒருதரம் சொல்லிவிட்டு விடலாம் என்று நினைக்கிறாய். அது சாப்பாடு கேட்கிற சாமான். ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் தீனி கேட்கும். துக்கத்துக்குக் காரணம் பற்று என்று சொன்னாய். சரி. இந்தக் கதையில் பற்றோடு இருப்பது யார்? நான் என் ஊரைச் சொல்கிறேன். அவர்கள்தான் அதைச் சொல்லவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிடியை விடச் சொல்வதென்றால் அங்கே போய்ச் சொல்.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். அச்சுக்கூடத்துக்கு நான் கோல் எடுக்கமாட்டேன். கஜன் வீட்டுக்கும் போகமாட்டேன். அழைப்பிதழ் உன்னுடையது, சொல்ல வேண்டியவள் நீ. எங்கள் பெயர்களுக்குக் கீழே இலுப்பைக்குழி என்று போடு. அதைப் போட உனக்கு முடியாதென்றால் அப்பாவின் பெயரையும் என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடு. இல்லாத இடத்தில் இருக்கிற ஒரு தாயாக அச்சாக எனக்குச் சம்மதமில்லை.

எந்த அழைப்பிதழ் வந்தாலும், வராவிட்டாலும், நான் கலியாணத்துக்கு வருவேன். நான் உன் தாய், எனக்கு அழைப்பு வேண்டியதில்லை. என் அரக்குக் கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு, பெண்ணைப் பெற்றவள் நிற்க வேண்டிய மண்டப வாசலில், பன்னீர்ச் செம்போடு நிற்பேன். கனடாவிலிருந்து வந்த யாரோ ஒரு அம்மா பன்னீருக்குக் கையை நீட்டிக்கொண்டே கேட்பா, நிச்சயம் கேட்பா: “நீங்கள் எந்த இடம்?” நான் சொல்லுவேன். மேளச் சத்தத்துக்கு மேலால் கேட்கிற மாதிரிச் சொல்லுவேன். மணவறையில் இருக்கிற உனக்கும் கேட்கும். அந்த நேரம் நீ தலையைக் குனியப்போகிறாயா நிமிரப்போகிறாயா என்பதை இப்போதே யோசித்து வை.